மருந்து கலக்காத வாளி

கதிர்,

மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பாக்களுக்கு வழக்கமாகத் தலை நரைத்திருக்கும். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. உனக்கு இப்போது இருக்கிற வயதில் நான் உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே போலிடெக்னிக் பரீட்சைக்குப் படித்தேன். அதனால் இதில் ஞானம் எதையும் தேடாதே. இருப்பது களைப்பு மட்டும்தான். வேலை முடிந்து கிள்ளானிலிருந்து ரவாங்வரை கார் ஓட்டிப் போய், ஒரு குதிரைக்கு முன்னால் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்று, அது முகத்தைத் திருப்பிக்கொண்டதும் மறுபடி கிள்ளானுக்கே ஓட்டிவருகிற ஒருவனுடைய களைப்பு.

இதை உன் கைப்பேசிக்கு அனுப்பாமல், என் முகநூல் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி போடுகிறேன். நீளமான செய்தி வந்தால் நீ படிக்கமாட்டாய். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். அது மட்டுமில்லை, உன் குதிரை இப்போது ஊர்ச்சொத்தாகிவிட்டது. கோயிலில், பாசாரில், என் தொழிற்சாலை வாசலில், எங்கே நின்றாலும் "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவரும் ஒரு யோசனையும் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்கள். அத்தனை பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உனக்குச் சொல்வதையே அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பள்ளி முடித்த கையோடு நீ ரவாங் பக்கத்தில் இருக்கிற குதிரைச் சவாரிப் பள்ளியில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தாய். சாணி அள்ளுகிற வேலை. அங்கே ஒரு பழுப்புக் குதிரை இருந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இங்கே மலேசியாவில் பந்தயத்தில் ஓடி, ஓய்வுபெற்று, சவாரி கற்றுக்கொள்ளும் பிள்ளைகளைச் சுமந்துகொண்டிருந்தது. தீனியை வைத்தால் மோந்து பார்க்கும், பெருமூச்சு விடும், பிடித்ததை மட்டும் உதட்டால் பொறுக்கித் தின்னும், மிச்சத்தை வாளியோடு கவிழ்த்துவிடும். மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று நீதான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாய். அதன் பந்தயப் பெயர் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகளில் சிலவற்றுக்கு நம் ஊர் வெக்கையில் ஒரு கேடு வரும். வியர்ப்பது நின்றுபோகும். மாப்பிள்ளைக்கும் அது வந்தது. மனிதனுக்கு வியர்க்காவிட்டால் சட்டை துவைக்கிற வேலை மிச்சம் என்று நான் அப்போது சிரித்தேன். பிறகுதான் புரிந்தது. குதிரை தன் உடம்புச் சூட்டை வியர்த்துத்தான் இறக்கும். வியர்க்காத குதிரை, ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் மேடேறுகிற லோரி. நின்ற இடத்திலேயே மூக்கு விரிய மூச்சு வாங்கும். நெற்றியில் தோல் காய்ந்து செதில் செதிலாக உதிரும். ஏதோ ஒரு மத்தியானம் கீழே விழும். சவாரிக்கு ஆகாத குதிரைக்கு எவ்வளவு நாள் தீனி போடுவது, ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று பேச்சு வந்தபோது நீ நடுவில் புகுந்து, "நான் எடுத்துக்கறேன்" என்றாய். என்னைக் கேட்கவில்லை. உன் அம்மாவைக் கேட்கவில்லை. பள்ளியை நடத்துகிற மேடம் சியூ, "சரி, இனிமே அவன் உன் குதிரை" என்றுவிட்டார்.

குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் நூருல் ஒரு பவுடர் கொடுத்தார். உப்புகள், வைட்டமின்கள், இன்னும் என்னென்னவோ. காலையும் மாலையும் தீனியோடு உள்ளே போகவேண்டும். விட்டு விட்டுக் கொடுத்தால் பயனில்லை. இரும்பு ஆணியை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்ட மாதிரி ஒரு வாடை. நீ அதை எப்படியோ தின்ன வைத்தாய். பிடி பிடியாகக் கையில் அள்ளி, கழுத்தைத் தடவி, கதை பேசி, அரைநாளை அதிலேயே கழித்தாய். பிறகு கடல் தாண்டிக் கோத்தா கினபாலுவில் விலங்கு மருத்துவ உதவியாளர் படிப்பில் இடம் கிடைத்தது. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து நீ சொன்னது ஒன்றே ஒன்று.

"பா, பவுடர மட்டும் விடாம குடுத்துடுங்க."

"பவுடர்தானே" என்றேன்.

நான் அளவுக்கருவி டெக்னீஷியன். பாமாயில் ஆலையில் சூட்டையும் அழுத்தத்தையும் காட்டுகிற கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஒரு கருவி தப்பாகக் காட்டினால் நான் அதோடு கொஞ்சிக்கொண்டிருக்கமாட்டேன். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பேன். குதிரையையும் அப்படியே அணுகினேன். காலையில் கொடுப்பது அங்கே வேலை செய்கிற முருகேசன் பொறுப்பு, மாலை என் பொறுப்பு. முதலில் உலர்ந்த ஓட்ஸில் பவுடரைக் கலந்தேன். அவன் ஓட்ஸை ஒவ்வொரு மணியாகத் தின்றுவிட்டுப் பவுடரை வாளியின் அடியில் மணல் மாதிரி விட்டுவைத்தான். பவுடர் ஒட்டிக்கொள்ளட்டும் என்று தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். மோந்தான், மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டினான், மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். சர்க்கரைப்பாகு ஊற்றினேன். இரண்டு வேளை நக்கித் தின்றான். மூன்றாவது வேளை வாளி என் காலில் விழுந்தது.

முருகேசனை உனக்குத் தெரியும். புதுக்கோட்டையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து லாயத்துக்குப் பின்னாலேயே ஓர் அறையில் இருப்பவர். உன்னைத் தம்பி என்பார், என்னை அண்ணே என்பார். என்னைவிட மூத்தவர் என்று நினைக்கிறேன்.

"இது குதிரை இல்லண்ணே, கலெக்டரு. மனு குடுத்துட்டு வெளிய நிக்கணும்" என்றார் கவிழ்ந்த வாளியைப் பார்த்து.

"நீங்க காலையில குடுக்கும்போது தின்னுறானா?"

"என்கிட்டயும் அதே கததான். ஆனா நான் உங்கள மாதிரி அவன்கூட சண்டைக்கு நிக்கிறதில்ல."

டாக்டரிடம் போனில் கேட்டபோது, வெந்தய வாசனை குதிரைகளுக்குப் பிடிக்கும், போட்டுப் பாருங்கள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவோடு பிரிக்பீல்ட்ஸ் போனபோது மளிகைக்கடையில் மொத்தமாகக் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்ளோ வெந்தயம் யாருக்கு பாஸ்?"

"குதிரைக்கு."

"ஏன், அதுக்கும் சுகரா?"

உன் அம்மா சிரித்த சிரிப்பில் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வெந்தயத்தோடு கொள்ளும் ஒரு மூட்டை கட்டிக்கொடுத்து, "காலங்காலமா குதிரைக்கு இதானே, எடுத்துட்டுப் போங்க" என்றார். வெந்தயம் உண்மையிலேயே வேலை செய்தது. நான் கதவைத் திறக்கும் முன்பே மாப்பிள்ளை மூக்கை நீட்டினான். பவுடரோடு சேர்த்து வாளியைத் துடைத்துத் தின்றான். நான் காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நாள்தான். ஒரு மாலையில் அதே வெந்தயத்தை மோந்தான், காதைப் பின்னால் மடக்கினான், அதற்குப் பிறகு வெந்தய வாசனை வந்தாலே விலகினான். அடுத்தது வேகவைத்த கொள்ளு. அதிலும் அதே கதை. முதலில் ஆசையாகத் தின்பது, பிறகு சந்தேகம், பிறகு முற்றாக மறுப்பது.

இந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இன்னும் கடுமையான இனிப்பு வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் உன் அம்மா பஞ்சாமிர்தத்தைக் கொண்டுவந்தார்.

கோயிலில் அபிஷேகம் முடிந்து கொடுத்த பஞ்சாமிர்தம். வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம். பவுடரை அதில் குழைத்தால் வாடையே தெரியவில்லை. நானே விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை அதைத் தின்றவிதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தின்றான். சட்டியை நக்கி, உன் அம்மாவின் கையை நக்கி, வளையலை நக்கினான். "பாருங்க, பக்தியுள்ள குதிரை. உங்களுக்குத்தான் வாங்கத் தெரியல" என்றார் உன் அம்மா. அந்த வாரம் முழுக்கக் கோயிலுக்குப் போய், கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி, வீட்டிலும் கிளறி, டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்பினார். அடுத்த முறை அவரே நேரில் வந்து ஊட்டியபோது, மாப்பிள்ளை ஒரு வாய் வாங்கினான், மென்றான், நிறுத்தினான், அப்படியே துப்பினான். வைக்கோல்மேல், அவர் செருப்பின்மேல், சேலைக் கரையில் எல்லாம்.

உனக்குத் தெரியும், அவருக்குப் பிரசாதம் காலில் படக்கூடாது. நான் டப்பாவை மூடித் திரும்புவதற்குள் அவர் லாயத்துக்குள் முழங்காலிட்டு, வைக்கோலில் விழுந்ததைப் பொறுக்கி முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தார். குதிரையின் முன்னங்கால்களுக்கு நடுவில் தலை. அவன் ஒரு கொசுவை உதறக் காலைத் தூக்கினாலே போதும். நான் கத்தினேன். நான் கத்தியதில் அவன் மிரண்டு பின்னால் போனான். முருகேசன் ஓடிவந்து அவன் தலைக்கயிற்றைப் பிடித்தார். உன் அம்மா அசையவில்லை. கடைசித் துணுக்கையும் எடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

"சாமி பிரசாதத்தையே துப்புறான். யார் வளர்ப்பு?"

"உன் மகன் வளர்ப்பு."

"என் மகன் வளர்க்கும்போது தின்னான்ல?"

காரில் வரும்போது அவர் மடியில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இருக்கிற துளசித்தொட்டியில் கொட்டிவிட்டுக் கை கழுவினார்.

முருகேசனின் யோசனை கறுப்பு பீர். பழைய பந்தய லாயங்களில் வியர்வை நின்ற குதிரைக்கு அதுதான் மருந்தாம், தீனியில் ஊற்றினால் வேர்த்துக் கொட்டுமாம்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும்தாண்ணே. ஒரு டின்ன முழுசா அவனுக்கு ஊத்துனா தள்ளாடுவான்ல."

ஊற்றினோம். மாப்பிள்ளை நுரையை மட்டும் நக்கினான். மிச்சத்தை முருகேசன் வீணாக்கவில்லை. பஞ்சாமிர்தம் வைத்த சட்டியில் பீர் ஊற்றிவிட்டோம் என்று உன் அம்மாவுக்குத் தெரிந்தபிறகு எனக்கு வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே பொதுவில் எழுதமாட்டேன்.

இதுவரை படித்துவிட்டுச் சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பீருக்கு அடுத்த வாரம், எதுவும் கலக்காத வெறும் ஓட்ஸை வாளியில் வைத்தேன். வாளியைக் கண்டதுமே மாப்பிள்ளை மூலைக்குப் போய்விட்டான். காலையில் முருகேசன் வைத்ததும் அப்படியே இருந்தது. புல்லை மட்டும் கடித்தான், அதுவும் கொஞ்சம். விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. மத்தியானங்களில் முருகேசன் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் தலையைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கினான். மேடம் சியூ சீனர் என்றாலும் சாலாக் செலாத்தானில் நம் ஆட்களோடு வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அன்று என் பக்கத்தில் வந்து நின்று, சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்.

"பாஸ், மருந்துக்காக சோத்தையும் நிறுத்திட்டான்லா. இப்படியே போனா வெயில் வரமுந்தி பசியில போயிடுவான். பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. நீ ஒவ்வொரு நாளும் "சாப்பிட்டானா?" என்று கேட்டாய். நான் "கொஞ்சம் சாப்பிட்டான்" என்றேன். "இன்னிக்குப் பரவாயில்ல" என்றேன். வெந்தயம் தின்ற நாட்களில் எடுத்த வீடியோவை அனுப்பினேன். அது உனக்குப் போதவில்லை. நீயும் சின்னப்பிள்ளை இல்லை, மோந்து பார்த்துவிட்டாய். முருகேசனுக்குப் போன் போட்டு உண்மையைக் கேட்டுவிட்டு என்னை அழைத்தாய்.

"பா, உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. நான் செமஸ்டர டிராப் பண்ணிட்டு வரேன்."

"ஒரு குதிரைக்காகவா?"

"என் குதிரைக்காக. நீங்க எடுத்துக்கச் சொல்லல, தெரியும். அதான் நானே வரேன்றேன்."

"வா, வந்து என்ன கிழிப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். நீ இந்த மாதக் கடைசிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

டாக்டர் நூருலை வரச் சொன்னேன். அவர் என்னைவிடச் சின்னப் பெண், என்னைவிடப் பொறுமையில்லாதவர். மாப்பிள்ளையைச் சுற்றி வந்து, விலாவில் கைவைத்துப் பார்த்து, நான் கலந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். பஞ்சாமிர்தம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. கடைசியில், அவனுக்குப் பிடித்தது இன்னும் ஏதாவது கெடுக்காமல் மிச்சம் வைத்திருக்கிறீர்களா என்று மலாய்மொழியில் கேட்டார். அவர் சொன்னது இதுதான்: குதிரைக்கு ஓட்ஸ்மேல் கோபமில்லை, வெந்தயத்தின்மேலும் கோபமில்லை. இனிப்பாக எது வந்தாலும் உள்ளே அந்தக் கசப்பு இருக்கிறது என்று கற்றுக்கொண்டது. நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள். முதலில் அது சாப்பிடட்டும். மருந்தைப் பிறகு பார்க்கலாம்.

வீட்டில் உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்கு டாக்டர் வேணுமா? உங்க மகனுக்கு இழுப்பு வந்தப்ப மாத்திரைய ரொட்டி சானாய்க்குள்ள ஒளிச்சு வச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

"தின்னான்ல?"

"தின்னான். இன்னிக்கு வரைக்கும் ரொட்டிய பிச்சு உள்ள பார்த்துட்டுதான் வாயில வைக்கிறான். நான் என்ன பண்ணேன்? 'கசக்கும், முழுங்கு, அப்புறம் தண்ணி தரேன்'னேன். முகத்த சுளிச்சான், முழுங்கிட்டான். நான் வேலை செய்ற கிளினிக்ல தினமும் பார்க்கிறேன். ஏமாத்திக் குடுக்கிற வீட்டுப் பிள்ளைங்கதான் கவுண்டர்லயே வாயைப் பூட்டிக்கும்."

நீ ரொட்டியைப் பிய்த்துப் பார்ப்பதை உன் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையிலும் இது உண்டு, கதிர். பரிசோதனைக்கு ஆள் வருகிற நாளில், காட்டவேண்டிய எண்ணைக் காட்டும்படி ஒரு கருவியைத் திருகிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்குப் பாஸாகிவிடும். மறுநாளிலிருந்து அது எந்த எண்ணைக் காட்டினாலும் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையிலேயே கொதிக்கும்போதும் நம்பமாட்டார்கள். அப்படிச் செய்கிறவனை நான் ஆலையில் நாலுபேர் முன்னால் திட்டியிருக்கிறேன். இங்கே ஒரு குதிரையின் வாளியைத் திருகிவைத்தவன் நான். உன்னோடு போனில் பேசியதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள். உனக்கும் நான் கலந்துதான் கொடுத்தேன்.

பழைய வாளியை முருகேசனிடம் சாணி அள்ளக் கொடுத்துவிட்டேன். அகலமான ரப்பர் தொட்டி ஒன்று வாங்கினேன். அதில் ஓட்ஸும் தவிடும் மட்டும். இனிப்பில்லை, வெந்தயமில்லை, ஒரு சிட்டிகை பவுடர்கூட இல்லை. முதல் நாள் அவன் வரவே இல்லை. அடுத்த நாள் வந்து மோந்துவிட்டுப் போனான். அதற்கடுத்த மாலை ஒரு வாய் எடுத்து, மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் என்ன செய்துவிடுவேன் என்று காத்திருக்கிறான். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. உனக்கே தெரியும், ரொட்டிக்கடையில் தே தாரிக் டீ வரத் தாமதமானால் எழுந்து போகிறவன் நான். அங்கே நின்றேன். முருகேசன், "அண்ணே, நீங்க பேசாம நிக்கிறத இப்பதான் பார்க்கிறேன்" என்றார். மாப்பிள்ளை மென்றான். அப்புறம் இன்னொரு வாய். ஒரு வாரத்தில் தொட்டி காலியாக ஆரம்பித்தது.

பிறகுதான் மருந்து. தீனி முழுவதும் முடிந்தபிறகு, பவுடரைத் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, அவன் கண்ணுக்கு முன்னால் காட்டி, வாயோரத்தில் பல்லில்லாத இடத்தில் நுழைத்து, நாக்கின் மேல் பீய்ச்சி, விழுங்கும்வரை தலையைத் தூக்கிப் பிடிப்பது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. தலையை ஆட்டுவான், என்னைச் சுவரோடு நெருக்குவான், என் சட்டையில் துடைப்பான். என் வேலைச் சட்டைகள் எல்லாம் இப்போது ஆணி வாடை. ஆனால் அடுத்த வேளை தொட்டியில் தலையை விடும்போது அவன் மோந்து பார்ப்பதில்லை. அப்படியே தின்கிறான். சிரிஞ்சைக் கண்டால் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான், நகர்வதில்லை. கதை பேசுவதில்லை, கொஞ்சுவதில்லை. "கசக்கும்டா" என்று சொல்லிவிட்டு ஊற்றுகிறேன்.

போன சனிக்கிழமை வெயில் நேரத்தில் போயிருந்தேன். முன்னங்கால்களுக்கு நடுவில், நெஞ்சுக்குக் கீழே கை வைத்தபோது ஈரம் பட்டது. என் உள்ளங்கை அளவு ஈரம். முருகேசனைக் கூப்பிட்டேன்.

"குளிப்பாட்டின தண்ணியா இருக்கும்ணே."

"எப்ப குளிப்பாட்டினீங்க?"

அவர் யோசித்தார். "இன்னும் இல்ல."

நான் கையை நக்கிப் பார்த்தேன். உப்பு. முருகேசன் தானும் தொட்டு நக்கிப் பார்த்தார். இரண்டு ஆண்கள் பட்டப்பகலில் ஒரு குதிரையின் நெஞ்சைத் தொட்டு விரலை நக்கிக்கொண்டு நின்றதை மேடம் சியூ அலுவலகக் கதவிலிருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

இதோடு கடிதத்தை முடித்தால் நன்றாக இருக்கும். நீ சந்தோஷப்படுவாய், எல்லாரும் இதயப் படம் போடுவார்கள். ஆனால் அது தேன் தடவிக் கொடுக்கிற வேலை. மிச்சத்தையும் சொல்கிறேன்.

டாக்டர் நூருல் அந்த ஈரத்தைப் பார்த்தார். நல்லதுதான், ஆனால் இது போதாது என்றார். ஒரு கையளவு இடத்தில் வியர்த்தால் இந்தப் பெரிய உடம்பு குளிராது. மழைக்காலம் முடிந்து வெக்கை ஏறும்போது இதுவும் நின்றுபோகலாம். பவுடர் சில குதிரைகளுக்குக் கேட்கும், சிலவற்றுக்குக் கேட்காது. நிச்சயமாகக் கேட்கிற மருந்து ஒன்றுதான், குளிரான இடம். மேடம் சியூவின் அக்கா மகள் கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். இரண்டு மட்டக்குதிரைகள் நிற்கின்றன, லாயத்தில் இடம் இருக்கிறது. யாரும் சவாரி செய்யமாட்டார்கள். துணைக்கு நிற்கட்டும், அனுப்புங்கள் என்கிறார். போனால் அவன் அந்தத் தோட்டத்துக் குதிரை. நாளைக்கு நீ படித்து முடித்து வந்து கேட்டாலும் கீழே கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் மறுபடி இதே கதை.

நீ டிக்கெட் எடுத்து வந்தால் என்ன நடக்கும் என்றும் பார்த்தேன். நீ பிடி பிடியாக ஊட்டுவாய். அவன் தின்பான். வெயில் உன்னைவிடப் பெரியது, அது மாறாது. நீ படிப்பை விட்டவனாக, அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரு மின்விசிறிக்கு முன்னால் நிற்பீர்கள். அந்தப் படிப்பை நீ முடித்தால், இப்போது நான் செய்த முட்டாள்தனத்தை வேறொருவன் செய்யும்போது நீ போய் நிறுத்தலாம். எனக்கு அது பெரிய காரணமாகத் தெரிகிறது. உனக்குத் தெரியாவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

நான் களைத்துவிட்டேன் என்பதும் ஒரு காரணம்தான். அதை மறைக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் சொருகியிருக்கிறது. உன் அம்மா அதைச் சொல்லாமல் விடுகிறார், நான் சொல்லிவிடுகிறேன். அவனை மேலே அனுப்பினால் என் பாரமும் குறையும். அதற்காக இந்த முடிவு தப்பாகிவிடாது. ஆனால் நீ எடைபோடும்போது அதையும் தட்டில் வைத்துப் போடு.

நீ கேட்கப்போகிற ஒரு கேள்வி எனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் ஏற்கெனவே கேட்டாயாம், அவர் "மறக்கமாட்டான்பா" என்று சொன்னாராம். நான் டாக்டரிடம் கேட்டேன். குதிரைகளுக்கு ஞாபகசக்தி அதிகம், முகம் மறக்காது என்கிறார். ஆனால் அந்தத் தோட்டக்காரப் பெண்தான் தீனி வைப்பார், அவருடைய காலடிச் சத்தத்துக்குத்தான் இனி அவன் காது நிமிரும். நீ போய் நின்றால் தெரிந்தமாதிரி பார்ப்பான், மோந்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பிவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். உன்னைத் தேடி நிற்கமாட்டான். நன்றாகச் சாப்பிடுவான். வியர்க்கும்.

லோரிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், வருகிற ஞாயிறு காலை. நான் கூடவே போகிறேன், அந்தப் பெண்ணுக்குச் சிரிஞ்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வருகிறேன். குதிரை உன்னுடையது. அனுப்ப வேண்டாம் என்றால் சனிக்கிழமைக்குள் எனக்குப் போன் செய், லோரியை நிறுத்திவிடுகிறேன், திட்டமாட்டேன். சரி என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். அழுகை வந்தால் அழுதுவிட்டு, வகுப்புக்குப் போய் உட்கார்.

அப்பா